திட்டிக்கொண்டே காய்ச்சிய பீர்

மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றே எழிலரசியின் கணவன் குடிகாரன் ஆகிவிட்டான். இத்தனைக்கும் ரஞ்சித்குமார் வாழ்நாளில் ஒரு கிளாஸ் பீரை முழுதாகக் குடித்தவன் அல்ல. ஒரு மூடி இருமல் மருந்து உள்ளே போனாலே உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, காது மடல் சிவந்து, சோபாவில் சாய்ந்துவிடுகிற ரகம். ஆபீஸ் பார்ட்டிகளில் ஆப்பிள் ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்று கார் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசுகிறவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

நெவார்க் ஏர்போர்ட்டிலிருந்து பெற்றவர்களை அழைத்துக்கொண்டு வந்து, நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டின் கராஜ் கதவைத் திறந்தால், நட்டநடுவில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா உட்கார்ந்திருந்தது. கல்யாண வீட்டில் சாம்பார் வைக்கிற அளவு. அடியில் ஒரு குழாய், பக்கத்தில் சுருட்டி வைத்த ரப்பர் டியூப். ஒளித்து வைக்க வேண்டும் என்று எழிலரசி ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்து, கடைசியில் பூஜை அறையைத் துடைத்த அவசரத்தில் இதை மறந்துபோனாள். மாமனார் கிட்டுசாமி சோமனூர் பக்கம் காலமெல்லாம் விசைத்தறி ஓட்டியவர். இரும்பில் செய்த எதையும் விசாரிக்காமல் தாண்டிப் போகமாட்டார். இது எதுக்கு என்று கேட்டார். பெரியவர்கள் வாயைத் திறப்பதற்குள் பத்து வயது வெண்பா காரிலிருந்து குதித்து, "தட்ஸ் ஃபார் த பீர், தாத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மாமியார் வசந்தாமணி கையிலிருந்த முறுக்கு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். ரஞ்சித் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதில் ரத்தமே இல்லை. நல்ல மனுஷன், யோசிக்கவே இல்லை.

"என்னோடதுங்கப்பா. சும்மா ஒரு ஹாபி."

அந்த ஒரு வார்த்தைக்காக எழிலரசி அவனை அன்று உயிருக்கு உயிராக நேசித்தாள். அந்த நேசம் செப்டம்பர் வரை தாங்கியது. அதற்குப் பிறகு அதே வார்த்தைக்காக அவன் கழுத்தை நெரிக்கலாமா என்று தோன்ற ஆரம்பித்தது.

ஏனென்றால் அந்த அண்டா அவளுடையது. உள்ளே காய்கிற பீரும் அவளுடையது. பெண் பிள்ளை பீர் காய்ச்சுவாளா, காய்ச்சினாலும் குடிப்பாளா என்று முகம் சுளிக்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். அவர்களுக்கென்று வேறு கதை கைவசம் இல்லை. எழிலரசி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. நுண்ணுயிரியல் படித்தவள். பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில், பிரம்மாண்டமான தொட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வளர்த்து மருந்து எடுக்கிற வேலை. அங்கே அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு வால்வுகூடத் திறக்காது. அப்பேர்ப்பட்டவள் மாமியார் முன்னால் உட்கார்ந்தால் சேலை நுனியைத் திருகுவாள், சேலை கட்டாத நாளில் துப்பட்டாவைத் திருகுவாள். அது அப்படித்தான், படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பிடித்தது கலிபோர்னியாவில். கல்யாணத்துக்கு முன்பு சன்னிவேலில் முதல் வேலை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுவார்கள். கூட வேலை பார்த்த வள்ளி ஒரு வெள்ளிக்கிழமை இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் தன் நாயின் பெயரையே பீருக்கு வைத்திருந்தார்: பிஸ்கட் பேல் ஏல். பேல் ஏல் என்பது பீரில் ஒரு ரகம். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே பம்ளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளிய வாசம் வந்தது. பின்னால் மழையில் நனைந்த ஊசியிலை மரம். அப்புறம் லேசான இனிப்பு, முடிவில் சுத்தமான கசப்பு. பீர் என்றால் ஊரில் சித்தப்பாக்கள் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் குடிக்கிற நாற்றத் தண்ணீர் என்று நினைத்திருந்தவள், அன்று அரை கிளாஸை முக்கால் மணி நேரம் முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு அந்தக் கடையை மூடிவிட்டார்கள் என்று வள்ளி சொன்னாள். இனி அந்தப் பீர் வேண்டுமென்றால் தானே காய்ச்சினால்தான் உண்டு என்று முடிவு கட்டினாள் எழிலரசி. எத்தனையோ சனிக்கிழமைகள் போயின, பிஸ்கட் மட்டும் வரவில்லை. எல்லாம் கூடி வரும், கடைசியில் லேசாக ஒரு வெண்ணெய் வாடை வந்து காரியத்தைக் கெடுக்கும்.

பெரியவர்கள் ஆறு மாதம் இருக்கப்போகிறார்கள். அதுவரை அண்டாவைக் கவிழ்த்து வைக்கலாம் என்றான் ரஞ்சித். எழிலரசிக்கு மனசு வரவில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: அடுப்புக்கு முன்னால் நிற்பது ரஞ்சித், மூளை அவளுடையது. ஆனால் மாமியார் காதில் விழுகிற தூரத்தில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதற்கு எழிலரசி கண்டுபிடித்த வழி, திட்டுவது.

கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே ரஞ்சித் முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, துடுப்பால் கிண்டிக்கொண்டிருப்பான். "ஏனுங்க, சூடு ஏறுது, அடுப்பைக் கொஞ்சம் தணிச்சுத் தொலைங்க. வேற என்ன வேலை உங்களுக்கு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "இப்பவே அந்தப் பூவைக் கொட்டுங்க, கொட்டிட்டுக் குடும்பத்தையும் கொட்டிக் கவுத்துருங்க" என்பாள். பூ என்பது ஹாப்ஸ். பச்சையாகக் காய்ந்த சின்னப் பூங்கொத்து. அதுதான் பேல் ஏலுக்குக் கசப்பும் வாசமும் கொடுப்பது. ரஞ்சித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதைச் செய்வான். அளவு புரியாவிட்டால் கேட்கவும் முடியாது. பரிதாபமாகத் திரும்பிப் பார்ப்பான். "என்ன பாக்கறீங்க? ஒரு கை போதும், ரெண்டு கை வேண்டாம்" என்று பல்லைக் கடிப்பாள்.

வசந்தாமணி இதையெல்லாம் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தங்கமான மருமகள், எவ்வளவு பாடுபட்டு மகனைத் திருத்தப் பார்க்கிறாள் என்று. கிட்டுசாமிக்கு அந்த வேலையில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. குடி தப்பு, ஆனால் பம்ப்பு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில் என்ன தப்பு. குழாய் மூட்டில் கசிவு இருந்ததை அவர்தான் நூல் சுற்றி அடைத்தார்.

வாராவாரம் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போவார்கள். அங்கே வசந்தாமணிக்கு அபயாம்பாள் என்று ஒரு சிநேகிதி கிடைத்தார். அவருடைய மகன் ராமசுப்ரமணியன் டாக்டர். வசந்தாமணி மனசில் இருந்ததையெல்லாம் பிரசாத வரிசையில் கொட்டினார். அடுத்த வாரமே கோயிலில் பாதிப்பேர் எழிலரசியை இரக்கத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாத ஆன்ட்டிகள் கையைப் பிடித்து, தைரியமா இரும்மா என்றார்கள். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடச் சொன்னார். டாக்டர் ராமசுப்ரமணியன் செருப்பு வைக்கிற இடத்தில் ரஞ்சித்தை ஓரமாக அழைத்துக்கொண்டு போய், கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ரஞ்சித் கேட்டுக்கொண்டான். வேறு என்ன செய்வான்?

எழிலரசிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மாலையில் துணி துவைக்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரில் தன் பீரை ருசி பார்க்கும்போது நினைத்து நினைத்துச் சிரிப்பாள். சீரகத் தண்ணி என்று சொல்லி வைத்திருந்தாள். உடம்புக்கு நல்லது, இன்னும் ஒரு டம்ளர் குடி என்பார் மாமியார்.

சிரிப்பு நின்றது செப்டம்பரில். பக்கத்து ஊரில் பீர் காய்ச்சி விற்கிற ஒரு சின்ன ப்ரூவரி இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் அங்கே போட்டி. ஜெயிக்கிற பீரை அவர்களுடைய பெரிய தொட்டியில் காய்ச்சி ஊற்றுவார்கள். சுவரில் தொங்கும் பலகையில், பீரின் பெயருக்குக் கீழே, காய்ச்சியவர் பெயரையும் எழுதுவார்கள். எழிலரசி எத்தனையோ முறை அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆபீஸில் அவள் வளர்க்கிற மருந்தில் அவள் பெயர் எங்கேயும் வராது. வெண்பாவின் ஸ்கூலில் அவள் வெண்பாவின் அம்மா. ஊரில் கிட்டுசாமி வீட்டு மருமகள். அந்தப் பலகையில் மட்டும் தன் பெயர், யாருடைய மனைவி யாருடைய மருமகள் என்ற ஒட்டு இல்லாமல், ஒரே ஒரு பருவத்துக்கு இருந்தால் போதும் என்று ஆசைப்பட்டாள். வெளியே சொன்னால் அற்பமாகத் தெரியும். ஆனால் அவளுக்கு அது அற்பமில்லை.

போட்டி விஷயம் எப்படியோ கிட்டுசாமி காதுக்குப் போய்விட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடிக்கறது தப்புத்தான். ஆனா போட்டின்னு வந்துட்டா விடக்கூடாது. நம்ம பேரு அதுல இருக்கோணும்."

மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, தானே பெயரைச் சொல்லச் சொல்லப் பதிய வைத்தார்: ரஞ்சித்குமார் கிட்டுசாமி. எழிலரசி டீ கொண்டுவந்து வைத்தபோது ரஞ்சித் விரல் அந்தரத்தில் நின்றது. அவளைப் பார்த்தான். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல் என்று அவன் கண் கெஞ்சியது. எழிலரசி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், டீயைப் பார்த்தாள், சர்க்கரை போதுமா மாமா என்று கேட்டாள். விரல் கீழே இறங்கியது.

அந்த வீட்டில் சண்டை போட இடமில்லாததால் இருவரும் காஸ்ட்கோ பார்க்கிங்கில் காரை நிறுத்திச் சண்டை போட்டார்கள். உன் பெயரை எப்படிப் போடலாம் என்றாள். நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்றான். உன் அம்மா தமிழ்நாடு பூராவும் சொல்லுவார், எங்கள் அப்பா கோபியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றாள். இத்தனை மாதமாக நான் தலைகுனிந்து நடக்கிறேனே, டாக்டர் கிட்ட கல்லீரல் பாடம் கேட்கிறேனே, அதுக்கு என்ன கணக்கு என்றான். அது நியாயமான கேள்வி என்பதால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. பால், முட்டை எதுவும் வாங்காமல் திரும்பினார்கள்.

போட்டிக்கான பீர் கராஜிலிருந்த பழைய ஃபிரிட்ஜுக்குள் நுரைத்து அடங்கிக்கொண்டிருந்தது. சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஃபிரிட்ஜில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியிருந்தாள். நுரை அடங்கிய அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் நன்றாகக் குளிரவைத்துத் தெளியவிட வேண்டும் என்பது திட்டம். அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள், நுரை அடங்கிய மறுநிமிடமே குளிர். அன்றைக்கு ஆயுத பூஜை.

கராஜ் கதவு திறந்ததும் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. ஹோண்டாவுக்குச் சந்தனம், குங்குமம். புல் வெட்டுகிற மெஷினுக்கு, பனி தள்ளுகிற மெஷினுக்கு, டிரில்லுக்கு, வெண்பாவின் சைக்கிளுக்கு. ஃபிரிட்ஜுக்கு நெற்றி நிறையப் பட்டை, நடுவில் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. அதன் ஒயர் பிளக்கிலிருந்து உருவப்பட்டு, அழகாகச் சுருட்டி, மாலைக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தறிகளை அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்து ஒரு நாள் ஓய்வு கொடுப்பது கிட்டுசாமியின் வீட்டு வழக்கம். அடுத்த நாள் கற்பூரம் காட்டித்தான் மறுபடி ஓட்ட வேண்டும். அதற்குள் தொட்டால் குற்றம். அமெரிக்காவுக்கு வந்துவிட்டதால் ஆயுதத்துக்கு ஓய்வு வேண்டாமா என்ன?

அந்த வருஷம் அக்டோபர் வெயில் கோடை மாதிரிக் காய்ந்தது. கராஜுக்குள் வெக்கை. எழிலரசி ஃபிரிட்ஜைத் திறந்து தொட்டியில் கை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அழுகை முட்டியது. மாமா, இதை மட்டும் போட்டுவிடலாமா, அவர் கோவிச்சுக்குவார் என்று கேட்டுப் பார்த்தாள்.

"குடிக்கறவன் பண்ணற தப்புக்கு மெஷின் என்னம்மிணி பண்ணும்? அதும் வருசம் பூராம் ஓடுதல்ல. ஒரு நாளு கெடக்கட்டும்."

ரஞ்சித் மாடியில் மீட்டிங்கிலிருந்து இறங்கி வந்து, அது கெட்டுப்போயிரும்ப்பா என்றான். கெட்டுப்போனா நல்லதுதானே என்றார் வசந்தாமணி, சுண்டல் கிண்ணத்தோடு வந்து நின்றபடி. சொல்லும்போது அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மலர்ச்சி தெரிந்தது. பழனிக்கு வேண்டிக்கொண்டது பலிக்கிறது என்று நினைத்தார் போலும். இது என்னுடையது, தொடாதீர்கள் என்ற வாக்கியம் எழிலரசியின் தொண்டை வரை வந்தது. வந்து, சுண்டலோடு உள்ளே போய்விட்டது.

சில நாள் கழித்து, பயந்துகொண்டேதான் துணி துவைக்கிற அறையில் டம்ளரைத் தூக்கினாள். முகர்ந்தாள். பம்ளிமாஸ் தோல். ஊசியிலை. குடித்தாள். லேசான இனிப்பு வந்தது, போனது. வெண்ணெய் வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. கசப்பு மட்டும் நிதானமாக வந்து சுத்தமாக முடிந்தது. இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு, டிரையர் மேல் ஏறி உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. ஏனென்றால் காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஈஸ்ட், பீரை நுரைக்கவைக்கிற அந்த நுண்ணுயிர், தன் வேலையை முடித்த பிறகு அதைக் கொஞ்சம் வெதுவெதுப்பில் விட்டுவிட வேண்டும். தான் போட்ட குப்பையைத் தானே பெருக்கிக்கொள்ளும். அந்த வெண்ணெய் வாடையும் அந்தக் குப்பையில் சேர்த்திதான். உடனே குளிரவைத்தால் பெருக்காமல் தூங்கிவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு அவசரப்படாதீர்கள் என்று வகுப்பெடுப்பவளே அவள்தான். வீட்டில் மட்டும் பஸ் பிடிக்கிறவள் மாதிரி பறந்திருக்கிறாள். மாமனார் ஒயரை உருவிக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

நன்றாக வந்திருக்கிறது என்று ரஞ்சித் அப்பாவிடம் சொன்னான். பூஜை போட்டா வராதா என்றார் கிட்டுசாமி. ஆக, பீருக்கு இப்போது இரண்டு சொந்தக்காரர்கள். இருவரும் ஆண்கள், இருவருமே குடிக்காதவர்கள்.

போட்டி நாளன்று எல்லோரும் போனார்கள். கிட்டுசாமி வேட்டிக்கு மேல் ரஞ்சித்தின் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். வசந்தாமணி, மகன் அளவுக்கு மீறிவிடக் கூடாது என்று காவலுக்கு வந்திருந்தார். வெண்பா வரும்போதே காரில், "வொய் இஸ் எவ்ரிபடி ஸ்டில் லையிங்?" என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எழிலரசி பின் வரிசையில், காகிதத் தட்டில் முறுக்கு மாதிரி பின்னிய பிரெட்ஸலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ப்ரூவரிக்காரர் டென்னிஸ் பெரிய மீசைக்காரர். நிறைய கைதட்டலுக்குப் பிறகு முதல் பரிசு என்று பெயரைப் படித்தார். ரஞ்சித்குமார் கிட்டுசாமி. பெயரை உருட்டி உருட்டிப் படித்தாலும் கிட்டுசாமிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று நாலா பக்கமும் கும்பிட்டார். ரஞ்சித் மேடைக்குப் போனான், பலிக்குப் போகிற ஆடு மாதிரி. பலகையில் சாக்பீஸால் முதல் எழுத்தை எழுத ஆரம்பித்தார் ஒரு பெண். எழிலரசி பிரெட்ஸலைத் தூள் தூளாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாப்ஸ் வாசம் இவ்வளவு துல்லியமாக நிற்கிறதே, எப்போது போட்டாய், எப்படித் தெரிந்தது என்று டென்னிஸ் மைக்கில் கேட்டார். ரஞ்சித்துக்குப் பொய் வராது. என் மனைவி வந்து திட்டுவாள், உடனே போடுவேன் என்றான். கூட்டம் சிரித்து உருண்டது. முடிவு இத்தனை சுத்தமாக வந்ததற்கு என்ன ரகசியம் என்று கேட்டார். என் அப்பா பூஜை போட்டார் என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. டென்னிஸ் அந்த அப்பாவைக் காட்டச் சொல்லி, மேடைக்கு வரவழைத்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். ஹாலே எழுந்து நின்று தட்டியது. வேட்டியும் ஜாக்கெட்டுமாக கிட்டுசாமியும், வேர்த்துக் கொட்டும் ரஞ்சித்தும். எழிலரசியின் பீருக்கு ஊரே தட்டுகிறது, அவளைப் பார்த்து ஒருத்தர்கூடத் தட்டவில்லை.

அங்கே ஒரு வழக்கம். பரிசு பெற்ற பீரை, காய்ச்சியவர் எல்லோருக்கும் முன்னால் முதல் கிளாஸ் குடித்துக் காட்ட வேண்டும். டென்னிஸ் விளிம்பு வரை ஊற்றி ரஞ்சித் கையில் கொடுத்தார். கூட்டம் மேஜையைத் தட்டித் தாளம் போட்டது. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். ரஞ்சித் கிளாஸைப் பார்த்தான். அவளுக்காக அதையும் குடித்துவிடுவான் என்று எழிலரசிக்குத் தெரியும். குடித்துவிட்டு, மேடையிலேயே தடித்துச் சிவந்து விழுவான். கிளாஸ் உதட்டருகே போனபோது அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். மைக்கில் இங்கிலீஷில், இது என் பீர், நான்தான் காய்ச்சினேன், இவருக்கு இது ஒத்துக்கொள்ளாது என்றாள். சன்னிவேலில் ஒரு நாயின் பெயர் கொண்ட பீர் இருந்தது என்று ஆரம்பித்து, வெதுவெதுப்பில் ஈஸ்ட் குப்பை பெருக்குவது வரை, ஆபீஸில் பேசுகிற குரலில், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னாள். சொல்லிவிட்டு முழு கிளாஸையும் நிறுத்தாமல் குடித்தாள். அப்புறம் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். குரல் இப்போது நடுங்கியது.

"மாமா, இது நான் காச்சினதுங்க. எல்லாமே நான் காச்சினதுதான். அவரு சும்மா நின்னாரு."

டென்னிஸ் சற்றுமுன் தூக்கிப் பிடித்த தன் கையைக் கிட்டுசாமி பார்த்தார். அதை மெதுவாக ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். டென்னிஸ் ஒரு நிமிஷம் மீசையை நீவினார். பரிசு பீருக்குத்தான், பெயருக்கு இல்லை என்று சொல்லி, பலகையை அழிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "ஃபைனலி" என்றாள் வெண்பா, ஹெட்போனைக் கழற்றாமல்.

வசந்தாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எழிலரசி துப்பட்டாவைத் தேடினாள். அன்று ஜீன்ஸ் போட்டிருந்தாள், திருகுவதற்கு ஒன்றும் இல்லை.

"அப்ப என்ற பையன் குடிக்கறதே இல்லியா?"

"இல்லீங்க அத்தை. இருமல் மருந்துகூட ஆகாது அவருக்கு."

அவ்வளவுதான், வசந்தாமணி மகனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். சாமி, என் சாமி என்று அவன் கன்னத்தை வழித்துக் கொண்டாடினார். ஆறு மாதமாக இவனை எப்படியெல்லாம் நினைத்துவிட்டேன் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பரிசு, பலகை, மேடையில் மருமகள் குடித்த கிளாஸ் எதுவும் அவர் கண்ணில் பட்ட மாதிரியே தெரியவில்லை. எழிலரசி நின்றாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்தியிருந்தாள். திட்டக்கூட ஆளில்லாமல் போனது அவளுக்கு ரொம்ப வலித்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன உண்மை, ரஞ்சித் நல்லவன் என்ற செய்தியாக மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வசந்தாமணி அவள் பக்கம் திரும்பினார். ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் குடிக்கறதா?"

"ஆமாங்க அத்தை."

"அந்தச் சீரகத் தண்ணி?"

எழிலரசி தலையை ஆட்டினாள். வசந்தாமணி மேஜையில் சாம்பிளுக்கு வைத்திருந்த சின்னக் கிளாஸ்களில் ஒன்றை எடுத்தார். கிட்டுசாமி, ஏ, ஏ என்று கை நீட்டினார். வசந்தாமணி சட்டை செய்யவில்லை. தீர்த்தம் வாங்குகிற மாதிரி கிளாஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரோ என்னவோ, எழிலரசிக்கு அப்படித் தோன்றியது. ஒரு வாய் குடித்தார். முகம் எலுமிச்சம்பழம் கடித்தது போலக் கோணியது.

"கசக்குதே அம்மிணி."

"கசக்கோணுங்க அத்தை. அதுக்குத்தான் அந்தப் பூவு போடறது."

"தெரிஞ்சேதான் போட்டயா?"

"தெரிஞ்சேதான் போட்டனுங்க. இத்தனை வருசமா இந்தக் கசப்புக்குத்தான் பாடுபட்டேன்."

வசந்தாமணி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் அப்பட்டமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு வாய் குடித்து, வாய்க்குள்ளேயே வைத்திருந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினார். குழம்புக்கு உப்புப் பார்க்கிற நிதானம் அதில் இருந்தது.

"அப்ப நீ நெனச்சபடியே வந்திருக்குது. நல்லாத்தான் செஞ்சிருக்கறே, எழில்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் பலகைக்காரப் பெண் சாக்பீஸோடு வந்து, என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டாள். எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாமியார்தான் முன்னால் போய் நின்று, எழிலரசி என்று மட்டும், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.